ஆடினவன் குற்றவாளியா, சாக்ஷியா?

மயிலாப்பூரில் லஸ் மூலைக்கருகிலோ, தியாகராய நகரில் பனகல் பார்க்கை அடுத்தோ, அடையாற்றில் ஏதாவது ஒரு மாடி வீட்டிலோ ஒருவர் நான்கு மேஜைகளைப் போட்டு, சீட்டுக்கட்டும் சக்கரமும் வைத்து, சூதாட்ட விடுதி திறப்பாரானால் போலீஸார் வர அதிக நேரம் செல்லாது. மேஜையும் சீட்டும் ரொக்கமும் ஜப்தி செய்யப்படும். உள்ளே அகப்பட்டவர்கள் மாஜிஸ்திரேட்டின் முன் வரிசையாக நிறுத்தப்படுவார்கள். இதற்கு வேண்டிய அதிகாரம் நகரத்தில் 1888-ம் வருஷத்துப் போலீஸ் சட்டத்திலும், வெளி ஜில்லாக்களில் 1930-ம் வருஷத்துச் சூதாட்டச் சட்டத்திலும் தாராளமாக வைக்கப்பட்டது. ஆனால் அதே மயிலாப்பூரில், அதே தியாகராய நகரில், விளக்கை அணைத்துப் படுக்கையில் சாய்ந்தபடி ஒரு வாலிபன் இரவு இரண்டு மணிக்குக் கைபேசியில் பந்தயம் வைப்பதை யாரும் காண்பதில்லை. மேஜை அவனுடைய ஊரில் இல்லை. சீட்டுப் போடுகிறவள் அவனுடைய தேசத்தில் இல்லை. பணம் மட்டும் இந்த ஊர்ப் பாங்கியிலிருந்து புறப்படுகிறது.

லைவ் டீலர் காஸினோ என்று சொல்லப்படும் இந்த வியாபாரத்தைப் பற்றி நமது நேயர்களில் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். அது நடக்கும் விதத்தை அறிந்தவர்கள் சிலரே இருக்கக்கூடும். முன்பெல்லாம் கம்ப்யூட்டர் தானே எண்ணைப் பொறுக்கிப் போடும். ஜனங்களுக்கு அதில் நம்பிக்கை ஏற்படவில்லை. இயந்திரம் ஏமாற்றுமோ என்று சந்தேகித்தார்கள். அந்தச் சந்தேகத்தைத் தீர்ப்பதற்கு இயந்திரத்தைச் சீர்திருத்தவில்லை. அதற்கு முன்னால் ஒரு மனித முகத்தைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். லாட்வியாவில் ரிகா, ஜார்ஜியாவில் திபிலீசி முதலிய நகரங்களில் பெரிய கொட்டகைகளை அமைத்து, இரவு பகலாக விளக்குப் போட்டு, நன்றாக உடுத்திய இளைஞர்களையும் யுவதிகளையும் மேஜைக்குப் பின்னால் நிறுத்தியிருக்கிறார்கள். அவர்கள் சீட்டைப் போட, தலைக்கு மேலுள்ள காமிராக்கள் அதைப் படித்து எண்ணாக மாற்றி உலகெங்கும் உடனுக்குடன் அனுப்புகின்றன. ஆடுகிறவன் எழுதுவது சீட்டுப் போடுகிறவளின் எதிரேயுள்ள திரையில் தெரிகிறது. அவள் அவனுடைய பெயரைச் சொல்லி வரவேற்கிறாள். தோற்றால், அடுத்த முறை பார்க்கலாம் என்று புன்னகை செய்கிறாள். ஸ்வீடன் தேசத்தில் 2006-ம் வருஷத்தில் ஏற்பட்ட எவொல்யூஷன் என்ற கம்பெனி இந்தத் தொழிலில் முதன்மையானது. இம்மாதிரிக் கம்பெனிகள் ஆட்டத்தைத் தயாரித்துக் கொடுக்கின்றன. வாடிக்கைக்காரரிடம் பணம் வாங்குகிறவர்களோ வேறு கம்பெனிக்காரர்கள். குராசாவோ போன்ற தீவுகளில் லைஸென்ஸ் வாங்கி நடத்துகிறவர்களும், ஒரு லைஸென்ஸும் இல்லாமல் நடத்துகிறவர்களும் அவர்களில் உண்டு. இந்த வித்தியாசத்தை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பொறுப்பைத் தேடிப் போகிறவனுக்கு ஒவ்வொரு கதவிலும் அடுத்த கதவையே காட்டுவார்கள்.

சமீப வருஷங்களில் இத்தொழிலில் தோன்றியிருக்கும் மாறுதல்கள் கவனிக்கத்தக்கவை. முதலாவது, ஐரோப்பியச் சக்கரத்தோடும் பக்காரட்டோடும் நில்லாமல் நம்முடைய ஆட்டங்களையே நமக்கு விற்கத் தொடங்கியிருக்கிறார்கள். தீன் பத்தி போயிற்று. அந்தர் பாஹரும் போயிற்று. அந்தர் பாஹர் என்றால் வேறொன்றுமில்லை; நம் ஊர்த் திண்ணைகளில் ஆடப்படும் மங்காத்தாதான். உள்ளே, வெளியே என்று இரண்டு பக்கமாகச் சீட்டைப் போட்டு, வெட்டிய சீட்டுக்கு ஜோடி எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்க்கும் ஆட்டம். ஹிந்தி பேசும் டீலர்களையும் அமர்த்தியிருக்கிறார்கள். இனி மற்றப் பாஷைகளும் வருவதற்கு வெகு காலம் செல்லாது என்றே நினைக்கிறோம். இரண்டாவது, நாற்காலிக் கணக்கு ஒழிந்துவிட்டது. உண்மையான மேஜையில் ஏழு பேர் உட்காரலாம். இந்த மேஜையிலோ ஒரே சமயத்தில் ஏழாயிரம் பேர் உட்கார்ந்தாலும் இடம் உண்டு. மூன்றாவது, சூதையும் வேடிக்கை நிகழ்ச்சியையும் ஒன்றாகக் குழைத்துவிட்டார்கள். 2020-ல் வெளிவந்த கிரேஸி டைம் என்பதில் 54 பகுதிகள் கொண்ட ஒரு பெரிய சக்கரம்; ஆட்டம், பாட்டு, கூச்சல், இடையிடையே போனஸ். பார்ப்பவனுக்குத் தான் சூதுக்களத்தில் இருக்கிறோம் என்ற எண்ணமே எழாது; டெலிவிஷன் பார்ப்பதாகவே தோன்றும்.

முகம் மாறியதால் கணக்கு மாறிற்றா? ரூலெட் சக்கரத்தில் 37 குழிகள். சரியான எண்ணுக்கு ஒன்றுக்கு 35 கொடுக்கிறார்கள். 37 எண்களிலும் எண்ணுக்கு ஒரு ரூபாயாக வைத்துப் பாருங்கள். மேஜைக்குப் போவது 37; வைத்த ரூபாயும் சேர்த்துத் திரும்புவது 36. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு ரூபாய் அங்கேயே தங்கிவிடுகிறது. மின்னல் ரூலெட் என்று ஒரு புது வகை 2018-ல் வந்தது. எப்போதாவது ஒரு எண்ணுக்கு 50 மடங்கு முதல் 500 மடங்கு வரை கிடைக்கும் என்று ஆசை காட்டுகிறார்கள். அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், சாதாரண வெற்றிக்குக் கொடுத்துவந்த 35-ஐ 29 ஆகக் குறைத்துவிட்டார்கள்! ஆடுகிறவனுடைய பையிலிருந்தே எடுத்து ஆடுகிறவனுக்கே பரிசு. மங்காத்தாவில் முதற் சீட்டு விழும் பக்கம் ஆயிரத்துக்கு 515 முறை ஜெயிக்கும். ஆகையால் அந்தப் பக்கம் ஜெயித்தால் நூறு ரூபாய்க்குத் தொண்ணூறுதான் கொடுப்பது வழக்கம். ஆயிரம் முறை நூறு நூறாக வைத்தவன் முதற் பக்கத்தில் 2,150 ரூபாயும் மற்றப் பக்கத்தில் 3,000 ரூபாயும் இழப்பான். நூற்றுக்கு இரண்டு மூன்று என்பது அற்பமாகத் தோன்றலாம். ஒரு நிமிஷத்துக்கு ஒரு சுற்று, இரவெல்லாம் சுற்று. அதே இரண்டாயிரம் ரூபாய் விடிவதற்குள் பத்து முறை இருபது முறை மேஜையைச் சுற்றிவரும்போது, ஒவ்வொரு சுற்றிலும் அந்த நூற்றுக்கு மூன்று கழிகிறது. இழந்ததை மீட்க வேண்டுமென்ற வெறி மிச்சத்தையும் கழிக்கிறது. திண்ணையில் ஆடினவர்கள் ஒருவர் பணத்தை ஒருவர் தோற்றார்கள். அது அந்தத் தெருவை விட்டு வெளியே போகவில்லை. இந்தத் தேசத்தின் செல்வம் கடல் கடந்து வடிவதைத் தாதாபாய் நௌரோஜி வருஷக் கணக்காகக் கணக்கிட்டுக் காட்டினார். அவர் காலத்தில் வடித்தவன் அந்நிய ஸர்க்கார். இப்போது நாமே விரலால் தொட்டு அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

தருமபுத்திரன் தோற்ற சபையில் சகுனியாவது எதிரே உட்கார்ந்திருந்தான். இங்கே எதிரே தெரியும் பெண் சகுனியல்ல. அவள் மாதச் சம்பளத்துக்கு நிற்கிற ஒரு தொழிலாளி. 2024 ஜூலையில் திபிலீசியில் இந்த மேஜைத் தொழிலாளர்கள் கூலிக்காகவும் வேலை நிலைமைக்காகவும் பெரிய வேலைநிறுத்தம் செய்தார்கள். நம் ஊர் வாலிபனிடமிருந்து போகும் பணம் அவளுடைய கைக்கும் சரியாகப் போய்ச் சேரவில்லை என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டியதில்லை. அவள் மீது நமக்குத் துவேஷம் இல்லை.

இனிச் சட்டத்துக்கு வருவோம். சென்னை ஸர்க்கார் 2020 நவம்பரில் ஓர் அவசரச் சட்டம் செய்து, 2021-ல் அதைச் சட்டமாக்கியது. 2021 ஆகஸ்டு 3-ந் தேதி ஹைக்கோர்ட்டு அதைச் செல்லாதென்று தள்ளியது. ஓய்வுபெற்ற நீதிபதி ஸ்ரீ கே. சந்துரு தலைமையில் 2022 ஜூனில் ஒரு கமிட்டி யோசனை சொல்ல, அக்டோபரில் சட்டசபை புதிய மசோதாவை நிறைவேற்றிற்று. கவர்னர் அதை 2023 மார்ச்சில் திருப்பியனுப்ப, சபை மறுபடியும் நிறைவேற்ற, ஏப்ரலில் சம்மதம் கிடைத்தது. 2023 நவம்பர் 9-ந் தேதி ஹைக்கோர்ட்டு அந்தச் சட்டத்தை ஒப்புக்கொண்டு, ரம்மியும் போக்கரும் அதிர்ஷ்ட ஆட்டங்களல்ல என்று அவற்றை மட்டும் தடையிலிருந்து விலக்கிற்று. ஆக, மூன்று வருஷங்களாக எல்லோரும் தர்க்கித்தது திறமையா அதிர்ஷ்டமா என்ற ஒரே விஷயத்தைத்தான். ரம்மி திறமை ஆட்டம் என்று 1967-லும், கிண்டிக் குதிரைப் பந்தயத்தைப் பற்றிய வழக்கில் அதுவும் திறமையே என்று 1996-லும் ஸுப்ரீம் கோர்ட்டு சொன்ன தீர்ப்புக்கள் இந்தத் தர்க்கத்துக்கு அஸ்திவாரம். நாமும் வக்கீல் தொழிலில் பழகினவர்களாதலால் அந்த வாதத்தின் ருசியை அறிவோம். ஆனால் ரம்மிக் கம்பெனிகளாவது கோர்ட்டுக்கு வந்தன, விலாசம் கொடுத்தன, வக்கீல் வைத்து வாதாடின. லைவ் காஸினோக்காரன் வக்காலத்துப் போட்டு வந்ததாக நாம் காணவில்லை. சக்கரம் திறமையால் சுற்றுகிறது என்று அவன் சொல்லத் துணியவும் முடியாது. முன்வாசலில் நாம் வாதாடிக்கொண்டிருந்தபோது அவன் கொல்லைப்புறமாக வந்துவிட்டான். 2025 ஆகஸ்டு 22-ந் தேதி ஜனாதிபதியின் சம்மதம் பெற்ற மத்திய சட்டம் திறமையென்றும் அதிர்ஷ்டமென்றும் பாராமல் பணம் வைத்தாடும் ஆன்லைன் ஆட்டங்கள் எல்லாவற்றையுமே விலக்கியது. பெரிய இந்தியக் கம்பெனிகள் அந்த மாதத்திலேயே பணம் வைத்தாடுவதை நிறுத்திக்கொண்டன. கட்டுப்படுகிறவர்கள் கட்டுப்பட்டுவிட்டார்கள். ஹைக்கோர்ட்டுகளில் அந்தச் சட்டத்தை எதிர்த்துப் போடப்பட்ட வழக்குகளை 2025 செப்டம்பரில் ஸுப்ரீம் கோர்ட்டு தன்னிடம் மாற்றிக்கொண்டது.

இந்த இரண்டு சட்டங்களுக்கும் நடுவிலுள்ள ஒரு முரண்பாட்டையே நாம் இன்று முக்கியமாக எடுத்துச் சொல்ல விரும்புகிறோம். மத்திய சட்டம் ஆட்டம் நடத்துகிறவனுக்கு மூன்று வருஷம் வரை சிறையும் ஒரு கோடி வரை அபராதமும் விதிக்கிறது. பணத்தை நகர்த்திக் கொடுப்பவனுக்கும் அவ்வாறே. விளம்பரம் செய்பவனுக்கு இரண்டு வருஷமும் ஐம்பது லக்ஷமும். ஆடினவனுக்கு யாதொரு தண்டனையும் இல்லை. அவன் நஷ்டப்பட்டவன் என்பது அந்தச் சட்டத்தின் கருத்து. நமது ராஜ்யச் சட்டமோ நடத்துகிறவனுக்கு மூன்று வருஷம் அல்லது பத்து லக்ஷம் என்றும், விளம்பரத்துக்கு ஒரு வருஷம் அல்லது ஐந்து லக்ஷம் என்றும் சொல்லிவிட்டு, ஆடினவனுக்கும் மூன்று மாதச் சிறை அல்லது ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று ஒரு ஷரத்தைச் சேர்த்திருக்கிறது. இது பழைய சூதாட்ட விடுதிச் சட்டங்களின் வழக்கம். கதவை உடைத்துக்கொண்டு போலீஸார் நுழையும்போது எல்லோரும் ஒரே அறையில் இருந்த காலத்துக்கு அது பொருந்தும். இப்போது அறை மூன்றாகிவிட்டது. மேஜை கடலுக்கு அப்பால், பணம் போகும் வாசல் இங்கே, ஆடினவன் இங்கே. வாசலை அடைத்தாலொழிய வேறு எந்த வழியும் பலன் தராது. இணையதளங்களை ஆயிரத்துக்கு மேல் தடுத்துப் பார்த்தாயிற்று. ஒன்றை அடைத்தால் பெயரில் ஓர் எழுத்தை மாற்றிக்கொண்டு மற்றொன்று வருகிறது.

அந்த வாசல் எப்படிப்பட்டது? உஸ்மான் ரோட்டுத் துணிக்கடையொன்றில் வேலை பார்க்கும் ஓர் இளைஞனை உத்தேசமாக வைத்துக்கொள்வோம். அவன் யு.பி.ஐ. மூலம் ஐயாயிரம் ரூபாய் அனுப்புகிறான். அது காஸினோவின் பெயருக்குப் போவதில்லை. முன்பின் தெரியாத ஒரு மனிதர் பெயரிலோ, ஒரு மளிகைக்கடை, ஒரு டிராவல்ஸ் பெயரிலோ உள்ள கணக்குக்குப் போகிறது. மாதத்துக்குச் சில ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு தன் பாஸ்புத்தகத்தையும் ஏ.டி.எம். அட்டையையும் இரவல் கொடுத்த ஒரு மாணவனுடைய கணக்காக அது இருக்கலாம். ஆங்கிலத்தில் இதற்குக் கோவேறு கழுதைக் கணக்கு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சுமப்பது ஒருவன், சரக்கு மற்றொருவனுடையது. அந்தக் கணக்கு சில நாட்கள்தான் உயிரோடிருக்கும். பிறகு வேறு கணக்கு. இவற்றைக் கண்டுபிடிப்பதற்காகவே மியூல் ஹண்டர் என்ற கருவியை 2024 டிசம்பரில் ரிஸர்வ் பாங்கி அறிவித்தது. கருவி நல்லதே. ஆனால் எந்தக் கணக்கு எந்த நேரத்தில் எந்த ஆட்டத்துக்காகப் பணம் வாங்கியது, எந்த டெலிகிராம் ஏஜெண்டு அந்த எண்ணை அனுப்பினான் என்பதை முதல் மணி நேரத்திலேயே அறிந்தவன் ஒருவனே. அவன் ஆடினவன்.

அவன் போலீஸ் ஸ்டேஷனுக்கு வருவானா? அவனைத் தடுப்பது வெட்கம் மட்டுமன்று. 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து முறையிடலாம் என்று ஸர்க்கார் விளம்பரம் செய்கிறது. (சூதாட்டச் சட்டம் பிறந்த வருஷமும் அதே எண்ணாக வாய்த்தது விதியின் பரிகாசம் போலும்.) போன் எடுப்பவரிடம் அவன் முதலில் சொல்லவேண்டிய வாக்கியம், நான் சூதாடினேன் என்பது. இந்த ராஜ்யத்தில் அது குற்ற ஒப்புதல். சிவில் கோர்ட்டிலும் அவனுக்கு வழியில்லை. பந்தய ஒப்பந்தம் செல்லாது, அதன்மேல் தாவா கிடையாது என்று 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 30-வது செக்ஷன் சொல்லுகிறது. ஆகவே அவன் வாயை மூடிக்கொள்கிறான். கடன் செயலிகளில் கடன் வாங்குகிறான். தாயாரின் வளையல் ரங்கநாதன் தெருப் பக்கத்து அடகுக் கடைக்குப் போகிறது. குடும்பத்துக்குத் தெரியும்போது எல்லாம் முடிந்திருக்கிறது. நடத்துகிறவனுக்கோ இதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறு வேண்டுமா? சில ஏஜெண்டுகள், போலீஸுக்குப் போனால் முதலில் நீதான் உள்ளே போவாய் என்று பயமுறுத்தவும் கூடும். அப்படிப் பயமுறுத்தினால் அது பொய்யுமல்ல! சட்டமே அவர்களுக்குக் காவற்காரனாக நிற்கிறது.

அந்நியர் செய்த சட்டங்களில் நாம் எடுத்துக்கொள்ளத் தக்கது அதிகமில்லை. எனினும் வட இந்தியப் பகுதிகளுக்காக அவர்கள் செய்த 1867-ம் வருஷத்துப் பொதுச் சூதாட்டச் சட்டத்தில் ஒரு புத்திசாலித்தனமான ஷரத்து இருந்தது. சூதில் கலந்துகொண்டவனையே சாக்ஷியாக விசாரிக்கலாம். அவன் தனக்குத் தெரிந்ததை உண்மையாகவும் பூரணமாகவும் சொன்னானென்று மாஜிஸ்திரேட்டு கருதினால் ஒரு சர்ட்டிபிகேட்டு கொடுப்பார். அதன்பின் அந்தச் சூதுக்காக அவன்மேல் வழக்கில்லை. நூற்றைம்பது வருஷங்களுக்கு முன்பே தெரிந்திருந்த இந்த உபாயம் 2022-ல் சட்டம் எழுதியவர்களுக்கு ஏன் தோன்றாமற் போயிற்று என்று கேட்கிறோம். சாதாரணக் கிரிமினல் நடைமுறைச் சட்டத்தில் அப்ரூவர் இருக்கிறாரே என்று சிலர் சொல்லலாம். அந்த மன்னிப்பு, செஷன்ஸ் கோர்ட்டுக்குரிய வழக்குகளுக்கும் ஏழு வருஷமோ அதற்கு மேலோ சிறை விதிக்கத்தக்க குற்றங்களுக்கும் ஏற்பட்டது; 2024 ஜூலை முதல் அமுலுக்கு வந்த புதிய ஸம்ஹிதையிலும் அப்படியே. மூன்று வருஷக் குற்றத்துக்கு அந்தக் கதவு திறவாது.

மயிலாப்பூருக்கு இந்த விஷயத்தில் ஒரு பழைய ஞாபகமும் உண்டு. 1906 அக்டோபரில் அர்பத்நாட் கம்பெனி முறிந்தபோது பென்ஷன்காரர்களும் விதவைகளும் ஒரே நாளில் ஓட்டாண்டிகளானார்கள். அவர்களும் முகத்தை நம்பியே பணம் போட்டவர்கள். அது வெள்ளைத் துரையின் முகம். மயிலாப்பூர் வக்கீல் ஸ்ரீ வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோர் பணத்தை இழந்தவர்களுக்காகக் கோர்ட்டில் நின்று கணக்குப் புஸ்தகங்களைத் திறக்கச் செய்தார்கள். ஸர் ஜார்ஜ் அர்பத்நாட் சிறைக்குப் போனார். அந்த ஆத்திரத்திலிருந்து 1907-ல் இந்தியன் பாங்கி பிறந்தது. வட்டிக்குப் பணம் போட்டவரும் சூதாடியவரும் ஒன்றல்ல என்பதை நாம் அறியாதவர்களல்ல. ஆனால் இழந்தவன் தைரியமாக முன்வந்து பேசினதால்தான் புஸ்தகம் திறந்தது என்பதை மறக்கலாகாது.

தண்டனையை எடுத்துவிட்டால் எல்லோரும் துணிந்து ஆடுவார்கள் என்று ஓர் ஆட்சேபம் வரக்கூடும். ஆன்லைன் பண ஆட்டங்களால் 45 கோடி ஜனங்கள் வருஷந்தோறும் சுமார் 20,000 கோடி ரூபாய் இழக்கிறார்கள் என்பது 2025-ல் மத்திய ஸர்க்கார் சொன்ன மதிப்பு. இரவில் ஐம்பதினாயிரத்தை இழக்கத் துணிந்தவனை ஐயாயிரம் ரூபாய் அபராதம் தடுக்கும் என்று நினைப்பவர்கள் சூதாடியின் மனத்தை அறியார்கள். தண்டனையை அடியோடு நீக்க வேண்டுமென்று கூட நாம் இப்போது கேட்கவில்லை. பணத்தை ஏற்பாடு செய்து கொடுக்கும் ஏஜெண்டு, நானும் ஆடினவன்தான் என்று தப்பித்துக்கொள்ளவும் இடம் கொடுக்கக் கூடாது.

நாம் கேட்பது சொற்பம். தானே முன்வந்து, பணம் அனுப்பிய கணக்குகளையும் அழைத்துவந்த ஏஜெண்டையும் மறைக்காமல் சொல்லுகிறவன் மீது ஆடியதற்காக வழக்கில்லை. அவன் சொன்னது அவனுக்கு விரோதமாக உபயோகிக்கப்படாது. அவன் சார்பில் தாயோ மனைவியோ தகவல் கொடுத்தாலும் இந்தப் பாதுகாப்பு உண்டு. இவ்வளவையும் ஒரு சிறு ஷரத்தாக 2022-ம் வருஷத்துச் சட்டத்தில் சட்டசபை சேர்க்க வேண்டும். சட்டத்தின்படி சூதுக்குப் பணம் அனுப்ப உதவக்கூடாதென்று தடுக்கப்பட்டிருக்கும் பாங்கிகள், தகவல் வந்த அன்றே அந்தக் கணக்கை நிறுத்தி, அது எங்கெங்கே கிளை விட்டிருக்கிறதென்று போலீஸுக்குச் சொல்லும் கடமையையும் அதில் எழுத வேண்டும். பாண்டிபஜாரிலுள்ள கிளையொன்றில் ஒரு கல்லூரி மாணவனின் கணக்கில் ஒரே இரவில் நூற்றுக்கணக்கான சிறு தொகைகள் வந்து விடிவதற்குள் வெளியேறினால், மானேஜர் அதைக் காணவில்லை என்று சொல்வதை எவரும் ஒப்புக்கொள்ள முடியாது. டில்லிச் சட்டத்தின் வழக்கு தீரும் வரை காத்திருக்க வேண்டுமென்பதும் இல்லை. சூதும் பந்தயமும் அரசியல் சட்டத்தில் ராஜ்யத்துக்கே உரிய விஷயமென்று இத்தனை நாள் வாதாடி வந்தது சென்னை ஸர்க்கார்தானே? திருத்த மசோதா வரும் வரையில், தாமே முன்வந்து தகவல் கொடுத்தவர்கள் மீது ஆடியதற்காக வழக்கு நிலுவையிலிருந்தால் கோர்ட்டின் அனுமதியோடு அதை வாபஸ் பெறும் அதிகாரம் ஸர்க்கார் வக்கீல்களிடம் இருக்கிறது. அதை உபயோகிக்கும்படி ஸர்க்கார் இந்த வாரத்திலேயே அவர்களுக்கு எழுதலாம்.